செல்போன் பள்ளிக்கூடம் ஆகாது!

2020 மார்ச்சில் கொரோனா தொற்றைத் தடுக்க நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. உயிர் காக்க அது தேவைப்பட்டது. ஆனால், வகுப்புகள் ஆன்லைனில் தொடர்ந்து நடக்கின்றன என்று ஆட்சியாளர்கள் மார் தட்டினார்களே, அதைத்தான் நாம் பரிசீலிக்க வேண்டும்.

யாருக்கு நடந்தன? மத்திய சர்க்காரின் 2017-18ம் ஆண்டு மாதிரி சர்வேப்படி, கிராமப்புறத்தில் இன்டர்நெட் வசதியுள்ள குடும்பங்கள் நூற்றுக்குச் சுமார் 15. கம்ப்யூட்டர் உள்ளவை நூற்றுக்கு 4 தான். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டேதான் ஆன்லைன் கல்வி என்று பறைசாற்றினார்கள்.

விளைவு என்ன? 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் ஏழைக் குடியிருப்புகளில் பொருளாதார நிபுணர் ழான் திரேஸ் முதலானோர் சர்வே நடத்தினர். கிராமப்புறக் குழந்தைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். அறவே படிக்காதவர்கள் 37 பேர்!

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரே செல்போன். அதைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் செல்வார். அவர் திரும்பும்போது பாடம் முடிந்திருக்கும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் பையன் கையில் போன், பெண் அடுப்படியில். ஊரடங்கில் கூலி இழந்த குடும்பம் அரிசி வாங்குமா, ரீசார்ஜ் செய்யுமா? ஆன்லைன் பாடம் விற்ற கம்பெனிகளுக்கோ அது அறுவடைக் காலம்!

வேறு வழியே இல்லையா? இருந்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2020 ஜூன் 1 அன்று டெலிவிஷன் வகுப்புகளைத் தொடங்கியது. ஆரம்பத்தில் டி.வி. இல்லாத குழந்தைகள் அங்கும் தவித்தனர். நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொது ஏற்பாடு செய்யப்பட்டது. வாலிபர் சங்கத்தினர் டி.வி. பெட்டிகள் திரட்டிக் கொடுத்தனர். குறை கண்ட இடத்தில் சமூகமே பொறுப்பேற்றது. தனிக் குடும்பத்தின் தலையில் சுமத்தவில்லை.

தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020ல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்பின் நடுவில்தான் பள்ளி வாசலை மிதித்தது. கைபிடித்து எழுத வைக்க ஆசிரியர் இல்லாமல் கழிந்த அந்த நாட்களை எந்தச் செல்போனும் திருப்பித் தரவில்லை.

6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்கிறது 2009ம் ஆண்டுச் சட்டம். உரிமையைக் காசு கொடுத்து ரீசார்ஜ் செய்ய முடியாது. எனவே வற்புறுத்துகிறோம்: காலி ஆசிரியர் பணியிடங்களை நிரப்புக! இழந்த பாடத்தை ஈடுசெய்யத் தனி வகுப்பும் நிதியும் ஒதுக்குக! இனியொரு கொள்ளைநோய் வந்தால் கருவியும் இணைப்பும் சர்க்கார் செலவிலேயே தருக!

பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றுபட்டு எழுப்பும் குரலே இக்கோரிக்கைகளை வெல்லும்.