யாழ்நூலும் சோற்றுக் கோப்பையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 19ஆம் திகதி நெருங்கும்போது எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் ஒரு வேலை தவறாமல் வந்து சேரும். அது சுவாமி விபுலாநந்தரின் நினைவுதினக் கட்டுரை. தொண்ணூறுகளில் இளம் நிருபனாக இருந்த எனக்கு அப்பணி ஒருமுறை வாய்த்தது. 'முதல் தமிழ்ப் பேராசிரியர்', 'யாழ்நூல் தந்த முனிவர்' என்று எழுதி, ஆண்டுகளைச் சரிபார்த்து, பக்கத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

சில நாட்களின் பின் கல்லடிப் பாலத்தருகே ஒரு பெரியவர் என்னை மறித்தார். சிறுவனாக இருந்தபோது கல்லடி உப்போடை இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லத்தில் வளர்ந்தவர் அவர்.

"யாழ்நூலப் பத்தி எழுதிப்போட்டாய் மனே. எங்கட சோத்துக் கோப்பையப் பத்தி ஒண்டும் எழுதல்லியே" என்றார். ஒருநாள் வீட்டுக்கு வந்தால் ஆறுதலாகச் சொல்வதாகவும் கூறினார். வருகிறேன் என்றேன். ஆனால், போகவில்லை.

அவர் சொன்னதன் நியாயம் எனக்குப் பின்னர்தான் புரிந்தது. 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் ஆங்கிலக் கல்வி பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார். அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அக்காலத்தில் இத்தகைய ஒருவருக்கு உத்தியோக உயர்வுக்கு எல்லையில்லை. அவரோ அதிபர் பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவியானார். மறு ஆண்டு திரும்பி வந்து பாடசாலைகளின் பொறுப்பைச் சுமந்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயம் எழுந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. அங்கும் விரிவுரை மண்டபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ளோரின் கல்விக்காக உழைத்தார். பின்னர் இமயமலைச் சாரலில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து நோக்கிய 'மதங்கசூளாமணி'யும் அவருடையதே.

இத்தனையையும் நாம் கூறுபோட்டுக்கொண்டோம். தமிழறிஞருக்கு அவர் ஆராய்ச்சியாளர், சமயத்தவருக்குத் துறவி, ஆசிரியர்களுக்குக் கல்விமான், இசைவாணருக்கு யாழ்நூலார். அவரவர் மேடையில் அவரவர் விபுலாநந்தர்!

இந்தப் பங்கீடு பிழையானது என்பது என் கருத்து. பௌதிகமும் கணிதமும் கற்ற ஒருவராலேயே சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்து மறைந்துபோன யாழின் நரம்புக் கணக்கை மீட்க முடிந்தது. மட்டக்களப்பு வாவியின் மீன்பாட்டுக்குச் செவிசாய்த்த கவிஞரும் அவர்தான். கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விஞ்ஞானியும் அவர்தான். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனான யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவருடல் அடக்கம் செய்யப்பட்டது பல்கலைக்கழக வளவிலல்ல. கல்லடி உப்போடையில், அவர் எழுப்பிய பாடசாலையின் அருகில். அவருடைய வாழ்வு எதனை மையமாகக் கொண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சமூகத்தொண்டு என்பது ஓய்வுபெற்றபின் பொழுதுபோக்காகச் செய்யும் காரியம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. முதலில் பட்டம், பிறகு பதவி, கடைசியில் தொண்டு என்பது நமது வரிசை. விபுலாநந்தர் அந்த வரிசையை ஏற்கவில்லை. ஏழைப் பிள்ளையின் கல்வியும் பண்டை இசையின் மீட்பும் அவருக்கு ஒரே காலத்தில் செய்யவேண்டிய பணிகளாக இருந்தன.

அவருடைய நூல்கள் பிழைத்துக்கொள்ளும். பதிப்பிக்க ஆட்கள் உண்டு. ஆனால், அந்த இல்லத்தில் உண்டு, படித்து, ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் விவசாயியாகவும் ஆனவர்களின் நினைவுகளை யார் பதிப்பிப்பது? 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியும் பின்வந்த யுத்தமும் இப்பகுதியின் எத்தனையோ வீடுகளில் கடிதங்களையும் படங்களையும் கொண்டுபோய்விட்டன. எஞ்சியிருப்பது மனித நினைவு ஒன்றே. 1940களில் சிறுவராக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.

ஆகவே எனது வேண்டுகோள் எளியது. அடுத்த நினைவுதினத்தில் மாலையிடுவதோடு நின்றுவிடாமல், பழைய மாணவர் ஒருவரிடம் சென்று அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியிலாவது பதிவுசெய்யுங்கள். புலம்பெயர்ந்த வாசகர்களே, உங்கள் நகரிலும் அப்படியொருவர் முதுமையில் தனித்திருக்கக்கூடும்.

நான் அந்தப் பெரியவரைத் தேடிப்போனபோது ஈராண்டுகள் கழிந்திருந்தன. வீட்டுத் தாழ்வாரத்தில் அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவர் சொல்லவிருந்த கதை எது என்று அவருடைய மகளுக்கும் தெரியவில்லை.