மெட்ராஸ் காலேஜ் திறந்தாச்சு



சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். செப்டம்பரில் கிளம்புகிறாள். ஊர் எப்படி, புளிக்காய்ச்சல் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். புளிக்காய்ச்சலுக்குத் தாராளமாக என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஊரைப் பற்றித்தான் இந்தப் பக்கம். என் தம்பி மகன் அங்கே ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, ஓர் ஆகஸ்ட் கடைசியில் போய்த் தங்கியிருக்கிறேன்.

சின்ன ஊர். ஏறக்குறைய 18,000 பேர். பல்கலைக்கழகத்திலோ பத்தாயிரம் மாணவர்கள். முக்கியமான தெருக்கள் மூன்று. எதில் நடந்தாலும் கடலோரம் இடிந்து நிற்கும் பேராலயத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பல்கலைக்கழகம் 1413-இல் தொடங்கியது, ஸ்காட்லாந்திலேயே பழையது. அதனால் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு பழங்காலக் கல்சுவர் இருக்கும். அதில் சாய்ந்துகொண்டு யாராவது சிப்ஸ் தின்பார்கள். தின்னும்போது ஒரு கண் வானத்தில் இருக்க வேண்டும். அங்கத்திய கடற்காகம் நம் ஊர்க் காக்காய்க்கு அண்ணன். பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஆகஸ்ட் முதல் பாதியில் லாமஸ் திருவிழா. அறுவடையை ஒட்டி இடைக்காலத்திலிருந்து நடந்துவருவது. ராட்டினங்களைத் தனி மைதானத்தில் அல்ல, கடைத்தெருவிலேயே நிறுத்துகிறார்கள். மாடி ஜன்னலைத் திறந்தால் ராட்டினத்தில் போகிறவர் முகம் கிட்டத்தில் தெரியுமாம். நான் போனபோது விழா முடிந்து தெரு மறுபடி காய்கறிக்காரர்களுக்கும் தபால்காரர்களுக்கும் வந்துவிட்டிருந்தது. ஊரைச் சுற்றிய வயல்களில் பார்லி அறுத்தாகிவிட்டது. 1908-இலிருந்து இருக்கும் ஜனெட்டாஸ் ஐஸ்கிரீம் கடையில் மட்டும் வரிசை குறையவில்லை. பதினெட்டு டிகிரி வெயிலுக்கு ஐஸ்கிரீமா என்று கேட்டேன். "பெரியப்பா, இதுதான் இவங்களுக்குக் கோடை" என்றான் தம்பி மகன்.

அந்த வெயிலையும் நம்ப முடியாது. காலையில் வானம் நீலமாக இருக்கும், துணி உலர்த்துவார்கள். மத்தியானம் வட கடலிலிருந்து 'ஹார்' என்கிற மூடுபனி ஏறி வந்துவிடும். சூடான காற்று குளிர்ந்த கடல்நீரைத் தொட்டுக் குளிர்ந்து மூடுபனியாகிக் கரையேறுகிறது. நான்கு மைல் உள்ளே தள்ளிப் போனால் அங்கே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஊருக்குள் ஸ்வெட்டர். பொழுதும் சுருங்கத் தொடங்கிவிடுகிறது: ஜூனில் இரவு பத்து மணி வரை இருந்த வெளிச்சம், ஆகஸ்ட் கடைசியில் எட்டேகாலுக்கெல்லாம் போய்விடும். மகளிடம் மழைக்கோட்டு வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள் அம்மா, குடை வேண்டாம். அந்தக் காற்றுக்கு நிற்காது.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அந்த ஊர் திருப்பதி. 'ஓல்ட் கோர்ஸ்' மைதானத்தில் ஆட ஒருநாள் இடம் கிடைக்க, குலுக்கலில் பேர் கொடுத்துவிட்டு உலகெங்கிலுமிருந்து வந்து காத்திருக்கிறார்கள். எனக்குக் கோல்ஃப் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நடந்தாலொழிய அன்றைக்கு அது ஊரார் பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டும் தள்ளுவண்டியில் பிள்ளையைப் படுக்கவைத்துக்கொண்டும் மிகச் சாதாரணமாக அதன் நடுவே நடக்கிறார்கள். எத்தனை பணம் புரளும் இடம்! அதை வாரத்தில் ஒருநாள் ஊருக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

இனி, நம் மெட்ராஸ். ஆகஸ்ட் நடுவிலேயே ஸ்காட்லாந்தில் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. தெருவில் சீருடைப் பிள்ளைகள் போவதைப் பார்த்து எந்தப் பள்ளி என்று விசாரித்தால், "மெட்ராஸ்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். மெட்ராஸ் காலேஜ். பேர்தான் காலேஜ், உயர்நிலைப் பள்ளி. மெட்ராஸ் என்ற பேரில் ரக்பி குழுவும் உண்டு.

காரணமானவர் ஆண்ட்ரூ பெல். 1753-இல் அதே ஊரில் பிறந்து, அங்கேயே படித்து, 1787-இல் சென்னைக்கு வந்த பாதிரியார். எழும்பூரில் ஐரோப்பியப் படையினரின் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். வாத்தியார்களோடு அவருக்குச் சரிப்படவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் போடுவதைப் பார்த்தார். இதையே செய்யலாமே என்று தோன்றிவிட்டது. பலகையில் மணலைப் பரப்பி, எட்டு வயதுப் பையன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். தேறிய பிள்ளை தேறாத பிள்ளைக்குச் சொல்லித்தருவது. மணலுக்குக் காசில்லை, சட்டாம்பிள்ளைக்குச் சம்பளமில்லை. 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பேர் பெற்று நாடு நாடாகப் பரவியது. சேர்ந்த பணத்தில் பெரும் பங்கைச் சொந்த ஊருக்கு எழுதிவைத்துவிட்டு 1832-இல் இறந்தார். அடுத்த ஆண்டே பள்ளி திறந்தது. பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கல்லறை. அந்த மணலில் எழுதவைத்த திண்ணைப் பள்ளி வாத்தியாரின் பேரை யாரும் குறித்துவைக்கவில்லை.

சவுத் ஸ்ட்ரீட்டில் இருந்த பள்ளியின் பழைய கட்டடம் இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. 2021-இல் ஊருக்கு மேற்கே புதுக்கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள், பேர் மாறவில்லை.

வாசகி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் அந்த ஊரில் எல்லார் வாயிலும் வீட்டு வாடகைப் பேச்சுதான். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீடு குதிரைக்கொம்பு, வாடகை யானை விலை. எத்தனையோ மாணவர்கள் டே ஆற்றுக்கு அந்தப்பக்கம் டண்டீ நகரில் தங்கி 99-ஆம் எண் பஸ்ஸில் வந்துபோகிறார்கள். ரயில் 1969-இலேயே நின்றுவிட்டது. பக்கத்து லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி அங்கிருந்தும் பஸ்தான். ஆகவே, சாமான் கட்டுவதற்கு முன்னால் விடுதிக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள்.

அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், வீடு பிடித்த கதையை எழுதுங்கள். சேலத்து அம்மாவுக்கு உதவும். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்