ஆலை வாசலைத் தாண்டாத உதவி

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, இறால் ஏற்றுமதியாளர்களான நாம் கூடிய இடமெல்லாம் அந்த ஒரே பேச்சுதான். நம் சரக்கின் மிகப் பெரிய சந்தை அமெரிக்கா, கவலை நியாயமானது. ஆனால் வரி என்பது இரு தலைநகரங்கள் பேசி ஒரே நாளில் ஏற்றவோ இறக்கவோ கூடியது. ஆன்டிபயாடிக் எச்சத்துக்காகவும் கடலாமைக்காகவும் எழுந்த தடைகள் அப்படிப் பேசித் தீர்பவை அல்ல. அரசின் உதவி அங்கேதான் நமக்கு அதிகம் தேவைப்படுகிறது, அங்கேதான் குறைவாகவும் வந்து சேர்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 1997 ஆகஸ்டில் கடலுணவு பதப்படுத்தும் ஆலைகளின் சுகாதாரக் குறைகளைக் காட்டி இந்தியக் கடலுணவை நிறுத்தியது. சரக்குக்குப் பொறுப்பேற்கும் ஒரே அரசு அமைப்பு வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஏற்றுமதி ஆய்வுக் குழு அந்தப் பொறுப்பை ஏற்றது. தண்ணீர், ஐஸ், குளிர் அறை, தோலுரிக்கும் கூடம் என எல்லாம் கண்காணிப்புக்குள் வந்தன; கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் ஆலைகளை மேம்படுத்த மானியம் தந்தது. ஆலைக்காரர்களும் கடன் வாங்கிச் செலவழித்தார்கள். டிசம்பரில் கதவு மறுபடி திறந்தது. குறை நான்கு சுவருக்குள் இருந்ததால் அது முடிந்தது.

அடுத்த தடை இறால் வளர்ப்புக் குளத்திலிருந்து வந்தது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் ஆகிய ஆன்டிபயாடிக் எச்சங்கள் பிடிபட்டன. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் வளர்ப்பு இறாலில் பரிசோதிக்கும் அளவை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக்கியது. இரண்டு கன்டெய்னருக்கு ஒன்று துறைமுகத்தில் காத்துக்கிடந்தது. அறுவடைக்கு முந்தைய பரிசோதனையை ஆணையத்தின் ஆய்வகங்கள் விடாமல் செய்தன. 2025 செப்டம்பரில் மேலும் 102 இந்திய நிறுவனங்களுக்கு ஐரோப்பா அனுமதி தந்ததில் அந்த உழைப்புக்கும் பங்குண்டு. ஆனாலும் அறுவடை நேரத்துப் பரிசோதனை, கெட்ட இறாலைத் தடுத்து நிறுத்துமே தவிர, கெடாமல் காப்பாற்றாது. வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிடுமோ என்று பயந்து, இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர் கடையில் வாங்கும் பாக்கெட்டில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. மருந்தும் தீவனச் சேர்க்கையும் விற்கும் கடைகளைச் சோதிப்பது ஏற்றுமதிக்கான உதவிதான். இதை நம் சங்கங்கள் அழுத்திக் கேட்டதே இல்லை.

அரசு வழக்காடி வென்றதும் உண்டு. 2005இல் அமெரிக்கா நம் இறால் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. பெரும்பாலான நிறுவனங்களுக்கு 10.17 சதவீதம். அதற்கு மேல், முந்தைய 12 மாத இறக்குமதிக்குக் கணக்கிட்ட வரி முழுவதற்கும் பிணைப் பத்திரம் கேட்டது. சிறிய நிறுவனங்களின் முதலீடு வங்கியில் முடங்கியது. இந்தியா அந்தப் பத்திரத்தை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோய் 2008இல் வென்றது. பத்திரம் போனது, வரி மட்டும் நீடித்தது. அதுவும் பெரிய ஆறுதல்தான்.

ஆமை வழக்கைத்தான் நாம் தவறாகப் படித்தோம். கடலாமையைக் காட்டி அமெரிக்கா விதித்த இறால் இறக்குமதித் தடையை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து சேர்ந்து தொடுத்த வழக்கில் 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியது தவறு என்றது தீர்ப்பு. கடலாமையைக் காக்கும் நோக்கம் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதியைக் கேட்டு மகிழ்ந்தோம், இரண்டாம் பாதியை மறந்தோம். 2019இல் அதே ஆமையைக் காட்டி நம் கடல் இறாலுக்கு அமெரிக்கா கதவடைத்தது. வலையில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் இழுவலைக்கு ஏற்ப வடிவமைத்தும், பெரும்பாலான விசைப்படகுகளில் அது ஏறவில்லை. இறாலும் மீனும் தப்பிவிடும் என்பது படகுக்காரர்களின் அச்சம். டீசல் செலவுக்கே பிடிபாடு கட்டாத தொழிலில் அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. இதற்கிடையே 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நம் இறாலை வாங்கும் நாட்டவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

ஆலைக்கு வந்த உதவி குளத்துக்குப் பாதியாக வந்தது, படகுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று சொல்லலாம். கருவிக்கு மத்தியத் திட்டத்தில் நிதி ஒதுக்கப்பட்டது, ஆனால் அது மட்டும் போதாது. தேவைப்படுவது, கருவி மாட்டிய படகில் குறையும் பிடிபாட்டுக்கு முதல் சில பருவங்களுக்காவது ஈடு தருவதும், அந்தப் பிடிபாட்டின் கணக்கைப் படகுக்காரர் கண்முன் எடுத்துக் காட்டுவதும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வலையைப் பிரித்துத் தைப்பதும் அப்போதுதான். மீன்வளத் துறையும் கொச்சி நிறுவனத்தின் ஆட்களும் அந்த இரண்டு மாதங்களில் நாகப்பட்டினம், காசிமேடு, தூத்துக்குடி துறைமுகங்களில் இருக்க வேண்டும். செலவில் ஒரு பங்கை ஏற்றுமதியாளர் சங்கங்களே ஏற்கலாம். தமிழக அரசிடம் அந்தக் கோரிக்கையோடு போக வேண்டியவர்களும் நாம்தான்.