ஊசி யார் விரலில் ஏறுகிறது?

தோழர்களே! சிப்காட் ஆலைகளின் நெடியை நுகர்ந்து பழகிய குடிகாட்டாருக்குக் கழிவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் மூக்குக்குத் தெரியாத கழிவும் உண்டு. அது மருத்துவமனை வார்டில் பிறக்கிறது.

ஊசி போட்டாயிற்று. பஞ்சும் ஊசியும் ஒரே பையில் விழுகின்றன. அந்தப் பையைத் தூக்குகிறவர் யார்? ஒப்பந்தக் கூலிக்கு வந்த நம் வீட்டுப் பெண்! ஊசி அவர் விரலில் ஏறுகிறது. அதில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்தால், தடுப்பூசி போடாதவரைத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை.

சட்டம் இல்லையா? 1998-லேயே வந்தது; 2016-இல் புதிதாக எழுதப்பட்டது. ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள் பை, பிளாஸ்டிக் குழாய்க்குச் சிவப்பு, கண்ணாடிக்கு நீலப் பெட்டி, ஊசிக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி. சேரும்போதும் ஆண்டுதோறும் பயிற்சி. ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி. ஊழியருக்கு மட்டுமல்ல, கழிவைக் கையாளும் மற்றவர்க்கும் என்கிறது விதி. 'அவர் காண்டிராக்டர் ஆள்' என்று கைகழுவ இடமே இல்லை!

சுவரில் வண்ணப்படம் ஒட்டினால் போதுமா? அதை முதலில் படிக்க வேண்டியவர் டாக்டர். கட்டிலருகே அவர் பிரிக்காததைக் கொல்லைப்புறத்தில் வெறுங்கையால் பிரிப்பவர் துப்புரவுத் தொழிலாளி.

2024 டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூரில் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டபோது நாடே கொதித்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. வார்டுக்குள் நடப்பதற்கு அந்தக் கொதிப்பு எங்கே?

கடலூரிலும் சிதம்பரத்திலும் மருத்துவமனை வேலைக்குப் போகும் தோழர்களே, நாளைக் காலையே கேளுங்கள்: எங்கள் தடுப்பூசி அட்டை எங்கே? இந்த ஆண்டுப் பயிற்சி என்றைக்கு?