ரோட்டுல போறவனுக்கும் சேர்த்துதான் பிரீமியம்

லீவுக்கு ஊருக்கு வர்ற சொந்தக்காரப் பிள்ளைங்க இப்பல்லாம் கார்லதான் வர்றாங்க. திண்ணையில உக்காந்து பேசினா பெட்ரோல் விலைக்கு அடுத்த புலம்பல் இன்சூரன்ஸ். "இந்த வருஷம் ஏத்திட்டாங்க சித்தப்பா, எவன் கம்மியா தர்றான்னு பாத்து மாத்தணும்" என்கிறார்கள். கம்மியா கட்டணும்னு நினைக்கிறதுல தப்பே இல்லை. ஆனால் எதுல குறைக்கலாம், எதுல கை வைக்கக் கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு.

பாலிசியை எடுத்துப் பாருங்க. பிரீமியம் ரெண்டு பங்கா இருக்கும். ஒண்ணு தர்ட் பார்ட்டி. உங்க கார் மோதி அடுத்தவனுக்கு உயிர் போனாலோ காயம் பட்டாலோ அவன் குடும்பத்துக்குப் போற பணம் இதிலிருந்து வருது. இன்னொண்ணு ஓன் டேமேஜ். உங்க கார் நசுங்கினா உங்களுக்கு வர்றது.

தர்ட் பார்ட்டிக்கு ரேட் வைக்கிறது அரசாங்கம். 2022 ஜூன் மாசம் வச்ச ரேட்படி 1000 சிசி வரைக்கும் உள்ள காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய். 1500 சிசி வரைக்கும் 3,416. அதுக்கு மேல 7,897. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதேதான். மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

ஏறி இறங்குறதெல்லாம் ஓன் டேமேஜ்லதான். முதல்ல ஐ.டி.வி.ன்னு ஒண்ணு இருக்கு. இன்னைய தேதிக்கு உங்க காரோட மதிப்பு இவ்வளவுன்னு பாலிசியில போடுற தொகை. புதுசுல 8 லட்சம் விலை போட்ட கார், மூணு வருஷம் முடிஞ்சு நாலாவது வருஷத்துல இருந்தா 40 சதவீதம் கழிச்சு 4,80,000 வரும். பிரீமியத்தைக் குறைச்சுக் காட்ட சில ஏஜென்டுங்க இதை 4,20,000 ஆக்கிடுவாங்க. உங்களுக்கு மிச்சமாகுறது ரெண்டாயிரத்துக்குள்ளதான் இருக்கும். நாளைக்குக் கார் திருட்டுப் போனாலோ வெள்ளத்துல மொத்தமா போனாலோ 60,000 ரூபாய் குறைச்சலா வரும். இது மிச்சம் பிடிக்கிற வழி இல்லை.

அடுத்தது என்.சி.பி. ஒரு வருஷம் க்ளைம் போடாம இருந்தா ஓன் டேமேஜ் பங்குல 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் போனா 50. ஒரே ஒரு க்ளைம் போட்டா மொத்தமும் போச்சு. பாலிசி முடிஞ்சு 90 நாளைக்குள்ள புதுப்பிக்கலேன்னாலும் போச்சு. 50 சதவீதம் போக 5,000 கட்டுற ஆள், பம்பர் கீறலுக்கு 4,000 ரூபாய் க்ளைம் போடுறாருன்னு வைங்க. பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி கழிப்பாங்க, சின்ன காருக்குக் கட்டாயமா 1,000 ரூபாய் நீங்க போடணும். கையில வர்றது கொஞ்சம். அடுத்த வருஷம் பிரீமியம் 10,000. சின்ன கீறலைச் சொந்தக் காசுல பாத்துக்கிறதுதான் லாபம்.

எங்க பயிர் இன்சூரன்ஸ்ல இந்தத் தள்ளுபடியெல்லாம் கிடையாது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம் கட்டுறோம். நஷ்டத்தைப் பொதுவா அவனவன் வயலை வச்சுப் பாக்க மாட்டாங்க, வருவாய் கிராமத்தோட சராசரி விளைச்சலை வச்சுத்தான் பாப்பாங்க. நான் நல்லா பாத்துக்கிட்டதுக்குப் பரிசும் இல்லை, என் வயல் மட்டும் அழிஞ்சா வழியும் குறைவு. உங்களுக்கு உங்க கார் அளவுல கணக்கு வச்சிருக்காங்க. அதைத் தெரிஞ்சு பயன்படுத்திக்கங்க.

ஜீரோ டெப், இன்ஜின் பாதுகாப்பு மாதிரி சேர்க்கிறதெல்லாம் பிரீமியத்தை ஏத்தும். வேணுமா வேண்டாமான்னு நீங்க இருக்கிற இடம் சொல்லும். மழைக்குத் தண்ணி நிக்கிற தெருவுல இருந்தா இன்ஜின் பாதுகாப்பு வேணும். கார் எட்டு, பத்து வருஷப் பழசுன்னா ஓன் டேமேஜே வேண்டாம்னு விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நஷ்டம் உங்களோடது.

தர்ட் பார்ட்டி அப்படி இல்லை. எங்க ஊர் பைபாஸ் ஓரமாத்தான் நடவுக்குப் போற பொம்பளைங்க நடக்கிறாங்க, புல்லுக்கட்டு ஏத்தின டி.வி.எஸ். எக்ஸ்.எல். போகுது. எங்க பக்கத்துல ஒரு கூலிக்காரரைக் கார் அடிச்சுது. அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு போயிருந்தது. கேஸ் நடந்து கோர்ட்டு தொகையும் சொல்லியாச்சு. கட்டவேண்டிய ஆள்கிட்ட பணம் இல்லை. இன்சூரன்ஸ் இருந்திருந்தா கம்பெனி கொடுத்திருக்கும். உயிருக்கும் காயத்துக்கும் தர்ட் பார்ட்டியில இவ்வளவுதான்னு உச்சவரம்பு கிடையாது.

இன்சூரன்ஸ் இல்லாம முதல் தடவை மாட்டினா அபராதம் 2,000 ரூபாய். மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துல இருக்கு, ஆனா நம்மாளு பாக்கிறது அபராதத்தை மட்டும்தான். மாட்டினா 2,000, மாட்டலேன்னா 3,416 மிச்சம்னு கணக்குப் போடுற ஆளுங்களை நானே பாத்திருக்கேன். அந்தக் கணக்குல ரோட்டுல போறவன் எங்கேயும் வரலை.

இன்னொண்ணு. நீங்க வித்த பழைய கார் பல கை மாறி எங்க மாதிரி ஊருக்குத்தான் வருது. விக்கும்போது ஆர்.சி. புக்குல பேர் மாத்தினீங்களான்னு பாருங்க. ஆர்.சி.யில எவர் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வாங்கினவர் இன்சூரன்ஸ் புதுப்பிக்காம ஓட்டி யாரையாவது அடிச்சா, நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

அதனால பேரம் பேசுங்க, நாலு கம்பெனி விசாரிங்க, ஓன் டேமேஜ்ல முடிஞ்ச அளவு குறைங்க. தர்ட் பார்ட்டி முடியுற தேதியை மட்டும் ஒரு நாள்கூடத் தாண்ட விடாதீங்க.