நாற்காலியில் யார்?

‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார் என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் கால்பந்து வரலாறு கற்றுத் தருவது இதைத்தான்.

தேசியக் கால்பந்துச் சங்கம் என்பது சும்மா கோப்பை கொடுக்கிற அமைப்பு இல்லை. அணிக்கு ஆள் எடுப்பது, நடுவர்களை நியமிப்பது, பணத்தைப் பங்கிடுவது எல்லாம் அதன் கையில்தான். ஃபிஃபா அங்கீகரித்தவன் எவனோ, அவன்தான் உலகத்தின் முன்னால் ‘நான்தான் நாடு’ என்று எழுந்து நிற்க முடியும்.

அங்கே வெள்ளையர்கள் தங்களுக்கென்று 1892லேயே சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1951ல் ஆப்பிரிக்கர், இந்தியர், ‘கலப்பினத்தார்’ என்று பிரித்து வைக்கப்பட்டவர்கள் நிறவெறிக்கு எதிராக ஒரே கூட்டமைப்பாய்த் திரண்டார்கள். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன சனங்களின் வாரிசுகளும் அதில் உண்டு. ஆனால் 1952ல் ஃபிஃபா சேர்த்துக்கொண்டது வெள்ளைச் சங்கத்தைத்தான்.

1957ல் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. முழு வெள்ளை அணி, இல்லையென்றால் முழுக் கறுப்பு அணி; கலந்து மட்டும் அனுப்பமாட்டோம் என்றது அந்தச் சங்கம். ஒத்துக்கொள்ள முடியாது என்றன மற்ற நாடுகள். எகிப்து, சூடான், எத்தியோப்பியா மூன்றே அணிகள் ஆடி முடித்தன. பிறகும் புத்தி வரவில்லை. 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளை அணி, 1970க்குக் கறுப்பு அணி என்று ஒரு யோசனை சொன்னார்கள். இரண்டு வாசல், இரண்டு குவளை. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா?

1961ல் ஃபிஃபா அந்தச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரூஸ் 1963ல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், தடை விலகியது. 1964ல் டோக்கியோ மாநாட்டில், புதிதாய் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் ஓட்டு மறுபடி தடை போட்டது. சோவெட்டோவில் பிள்ளைகளைச் சுட்டுக்கொன்ற 1976ல்தான் ஒரேயடியாக வெளியேற்றினார்கள்.

இதற்கிடையில் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் வருசக்கணக்காய்ப் போராடிப் பந்தாடும் உரிமையை வாங்கினார்கள். மக்கானா கால்பந்துச் சங்கம் என்று அமைத்து, ஃபிஃபா விதிப்படி லீக் நடத்தினார்கள். நாட்டின் பெயரால் உட்கார்ந்திருந்த சங்கத்துக்கு இல்லாத நேர்மை, விலங்கு மாட்டப்பட்டவர்களின் சங்கத்துக்கு இருந்தது. 2007ல் ஃபிஃபா அதைக் கவுரவ உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1991ல் எல்லோருக்குமான ‘சாஃபா’ பிறந்தது. 1992ல் ஃபிஃபாவின் கதவு திறந்தது. டர்பனில் காமரூனை 1-0 என்று வென்றார்கள். 1996ல் ஆப்பிரிக்கக் கோப்பை கைக்கு வந்தது.

கதை இங்கே முடிந்துவிட்டால் சந்தோசம்தான். முடியவில்லை, தோழர்களே. 2022ல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற பெண்கள் அணி, 2023 உலகக் கோப்பைக்குக் கிளம்பும் முன் ஊதியத்துக்காகவும் ஒழுங்கான மைதானத்துக்காகவும் ஆட மறுத்தது. சங்கம் என்ன செய்தது? அவசர அவசரமாய் வேறொரு அணியைத் திரட்டி போட்ஸ்வானாவுக்கு எதிராக இறக்கியது. 0-5 தோல்வி. மறுத்த அதே பெண்கள்தான் பிறகு உலகக் கோப்பையில் கடைசி 16 வரை போனார்கள்.

நாற்காலியைப் பிடிப்பது பாதி வேலை. அதில் உட்கார்ந்தவர் நம்மவரே ஆனாலும், தரையில் யாரை உட்கார வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பது மீதி வேலை.