சட்டமுன்வடிவுகளின் நாட்களைப் பொதுமக்கள் அறியச் செய்யக் கோரும் மனு

விடுநர்:
ஆலை, பின்னலாடைத் தொழிலாளர் சங்கத்தின் நிர்வாகிகள்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
1. செயலாளர், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைச் செயலகம், சென்னை – 600 009.
2. அரசுச் செயலாளர், சட்டத் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களின் பார்வைக்கு.

பொருள்: கூட்டத்தொடரில் கொண்டுவரப்படும் சட்டமுன்வடிவுகளின் உரையையும் அவை கடக்கும் ஒவ்வொரு கட்டத்தின் தேதியையும் உரிய காலத்தில் தமிழில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் நூற்பாலைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்கள். அவர்களுடைய வேலைநேரத்தையும் வார விடுமுறையையும் மிகைநேர ஊதியத்தையும் மாற்றக்கூடிய சட்டங்கள் பேரவைக்கு எப்போது வருகின்றன, எப்போது நிறைவேறுகின்றன என்பதை முன்கூட்டியே அறிய அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்காகவே இந்த மனுவை அளிக்கிறோம்.

எங்களை இந்த மனு எழுதவைத்தது தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தச்) சட்டமுன்வடிவு. அது 2023 ஏப்ரல் 12, புதன்கிழமை பேரவையில் அறிமுகமானது. கூட்டத்தொடரின் கடைசி நாளான ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை நிறைவேறியது. நடுவில் இருந்த நாட்களில் ஒன்று சித்திரைப் புத்தாண்டு விடுமுறை; அதையொட்டிச் சனியும் ஞாயிறும் வந்தன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம் என்று வைத்திருந்த வரம்புகளிலிருந்தும், ஓய்வு இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்தும் எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் முன்வடிவு அது. பல தலைமுறைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற வரம்புகளைத் தொடும் ஒன்றைப் படித்து, சங்கக் கூட்டம் போட்டுப் பேசி, தொகுதி உறுப்பினரிடம் கருத்துச் சொல்ல அந்த ஐந்தாறு வேலைநாட்கள் எப்படிப் போதும்? எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ‘12 மணி நேர வேலை’ என்ற தலைப்பைச் செய்தித்தாளில் பார்த்தபோது அது நிறைவேறிவிட்டிருந்தது.

அன்று ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே அவையிலிருந்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று முன்வடிவின் மேல்நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். அந்த முடிவை மனமார வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால், நிறைவேறிய மூன்றாம் நாளே நிறுத்திவைக்க வேண்டியிருந்த ஒன்றை நிறைவேற்றுவதற்கு முன்பே பேசித் தீர்த்திருக்க முடியும். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் கூடுதலாகச் சில வாரங்களும், கையில் கிடைக்கும் ஒரு தமிழ்ப் பிரதியும்தான்.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை கால இடைவெளி பற்றியது. நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவுகளும் உண்மையான அவசரம் உள்ளவையும் தவிர, மற்ற எந்தச் சட்டமுன்வடிவும் அறிமுகமான நாளிலிருந்து குறைந்தது 15 நாட்கள் கழித்தே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். அவசரம் என்று கருதினால் அதற்கான காரணத்தை எழுத்தில் அவை முன் வைக்க வேண்டும். நிதிநிலைக் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கைகள் துறைவாரியாக வாரக்கணக்கில் விவாதிக்கப்படுகின்றன. பிறகு கடைசி ஓரிரு நாட்களில் சட்டமுன்வடிவுகள் அடுக்கடுக்காக எடுக்கப்படும் வழக்கம் மாற வேண்டும். 1986-இல் மேலவை கலைக்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் இரண்டாவது அவை இல்லை. ஓர் அவையில் ஒருமுறை நிறைவேறினால் சட்டமன்றப் பரிசீலனை பொதுவாக அங்கேயே முடிந்துவிடுகிறது. கேரளத்தில் சட்டமுன்வடிவுகளைத் துறைசார் பொருள் குழுக்கள் ஆராய்கின்றன. இங்கே அத்தகைய நிலையான ஏற்பாடு இல்லாதபோது, அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் மறுபார்வைக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாய்ப்பு.

அறிமுகத்துக்கு முந்தைய கட்டத்தையும் இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசு 2014-இல் வகுத்த சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கச் சொல்கிறது. அக்கொள்கை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(c), மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே தொடர்புடைய விவரங்களை வெளியிடும்படி மாநிலத் துறைகளுக்கும் கடமை விதித்திருக்கிறது. தொழிலாளர், விவசாயிகள், மீனவர் வாழ்வைத் தொடும் வரைவுகளை 30 நாட்கள் கருத்துக்கு வைக்கத் தமிழ்நாடு அரசு தனக்கென்று ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும்.

அடுத்தது, தேதிகள். சட்டமுன்வடிவுகள் இணையத்தில் ஏற்றப்படுவது நல்லதே. ஆனால் உரை மட்டும் இருந்தால் எங்களுக்குப் போதாது. ஒவ்வொரு முன்வடிவுக்கும் ஒரே பக்கத்தில், அறிமுகமான நாள், ஆய்வுக்கு எடுக்கப்படும் நாள், உறுப்பினர்கள் திருத்தம் கொடுக்கக் கடைசி நேரம், நிறைவேறிய நாள், ஆளுநருக்கு அனுப்பப்பட்ட நாள், இசைவு கிடைத்த அல்லது திருப்பி அனுப்பப்பட்ட நாள், அரசிதழில் வெளியான நாள், நடைமுறைக்கு வந்த நாள் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். மறுநாள் நிகழ்ச்சி நிரல் முந்தைய மாலையே வெளியாக வேண்டும். திருத்தம் கொடுக்கும் கெடு எங்களுக்குத் தெரிந்தால்தான் எங்கள் தொகுதி உறுப்பினரிடம் காலத்தோடு போய் நிற்க முடியும். கெடு முடிந்தபின் கொடுக்கும் மனுவால் யாருக்கும் பயனில்லை.

நிறைவேறிய பிறகான தேதிகளும் ஏன் வேண்டும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நிலம் ஒருங்கிணைத்தல் (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமுன்வடிவு அதே 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நீர்நிலைகள் அடங்கிய பெரும் நிலப்பரப்புகளைத் தொடும் சட்டம் அது. எங்கள் உறுப்பினர்களில் பலருக்குச் சொந்த ஊரில் காணி நிலம் உண்டு. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் அந்தச் சட்டம் எந்த நிலையில் இருந்தது என்று அவர்கள் யாரைக் கேட்பது? இணையவழிச் சூதாட்டத் தடை இன்னொரு சான்று. 2022 அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 19-இல் அதற்கு மாற்றான சட்டமுன்வடிவு நிறைவேறியது. இசைவு கிடைக்காத நிலையில், அவை கூடியதிலிருந்து ஆறு வாரம் என்ற அரசமைப்பு வரம்பு நவம்பர் இறுதியில் முடிய, அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில் முன்வடிவு திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில்தான் இசைவு பெற்றது. அத்தனை மாதங்கள் தடை இருக்கிறதா இல்லையா என்பதே பலருக்குத் தெரியவில்லை. கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆளுநர் இசைவளிக்காமல் நிறுத்திவைத்த பத்துச் சட்டமுன்வடிவுகள் தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் கால வரம்புகளை வகுத்தது. ஆனால் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு 2025 நவம்பர் 20-இல் கருத்தளித்த அரசமைப்பு அமர்வு, நீதிமன்றம் அத்தகைய வரம்புகளை விதிக்க முடியாது என்றது. இந்நிலையில், எந்த முன்வடிவு எத்தனை நாளாக எங்கே இருக்கிறது என்பதைப் பேரவைச் செயலகமே நாள்தோறும் காட்டுவது முன்னிலும் அவசியமாகிறது.

தமிழ்ப் பிரதி பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அறிமுகமான அன்றே, தேடவும் திரைவாசிப்பான் மென்பொருளால் படிக்கவும் இயலும் எழுத்துவடிவில் அது வர வேண்டும். படமாக ஸ்கேன் செய்த பக்கங்கள் பார்வைக் குறைபாடு உள்ள எங்கள் தோழர்களுக்குப் பயன்படுவதில்லை. திருத்தச் சட்டம் என்றால் பழைய பிரிவும் புதிய பிரிவும் அருகருகே அச்சாக வேண்டும். ‘இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல்’ என்று மட்டும் இருந்தால், மூலச் சட்டப் புத்தகம் கையில் இல்லாதவருக்கு எதுவும் விளங்காது. அதே பிரதிகள் மாவட்ட நூலகங்களிலும் தொழிலாளர் துறை அலுவலக அறிவிப்புப் பலகைகளிலும் வைக்கப்பட வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வருபவர் பேரவை இணையதளத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

கடைசியாக, விதிகள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இனி வேலைநேரத்தின் பல விவரங்கள் மாநில அரசின் விதிகளிலும் அறிவிக்கைகளிலும்தான் முடிவாகும். அவற்றின் வரைவு, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள், பேரவை முன் வைக்கப்படும் நாள் ஆகியவையும் மேற்சொன்ன பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

இக்கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை; செயலக ஆணைகளே போதும். கால இடைவெளிக்கு மட்டும் பேரவை விதிகளில் திருத்தம் வேண்டியிருக்கும். அதை விதிகள் குழுவின் பரிசீலனைக்கு வைக்குமாறு வேண்டுகிறோம். அடுத்த கூட்டத்தொடர் கூடுவதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசவும், எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.



இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்